தூரத்தைக் கூட்டும் கணக்கு

மாணவி, இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (வேதியியல்)

நெடுந்தொலைவு ஓட்டத்திற்குப் பயிற்சி செய்வோர் எல்லோரும் ஒருநாள் கேட்டே தீரவேண்டிய வினா ஒன்று உண்டு. சென்ற வாரம் ஓடிய தூரத்தைவிட இந்த வாரம் எவ்வளவு கூட்டி ஓடலாம் என்பதே அது. பார்வைக்குச் சிறிய வினாதான். விடை தவறினால் என்ன ஆகும் என்பதை நான் ஆறு வாரம் வீட்டுத் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். அந்த ஆறு வாரத்தில் படித்தவையும், துறைப் பேராசிரியர்களிடமும் உடற்கல்வி இயக்குநரிடமும் கேட்டறிந்தவையும், என் குறிப்பேட்டில் ஏற்கெனவே இருந்த கணக்குகளும் சேர்ந்ததே இக்கட்டுரை.

நான் படாளத்துக்காரி. செங்கற்பட்டிலிருந்து பாலாற்றைக் கடந்து மதுராந்தகம் நோக்கி ரயிலில் போகிறவர்களுக்கு எங்கள் நிலையம் தெரிந்திருக்கும். பெருஞ்சாலையில் போகிறவர்களுக்குக் கூட்டுச்சாலையும், வேடந்தாங்கலுக்குப் பிரியும் சாலையும் தெரியும். கூட்டுறவுச் சர்க்கரை ஆலைதான் ஊருக்கு அடையாளம். என் தந்தையார் கரும்பு வெட்டும் கூலித் தொழிலாளி; தாயார் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். முதலாண்டு விளையாட்டு விழாவில் 1500 மீட்டர் ஓடி நான்காவதாக வந்தேன். உடற்கல்வி இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, "உனக்கு வேகம் கம்மி, மூச்சு நிறைய இருக்கிறது. தூரம் ஓடிப் பாரம்மா" என்றார். பரிசு வாங்காத ஒருத்தியைக் கூப்பிட்டுப் பேசியதே எனக்குப் பெரிதாகப் பட்டது. அன்றிலிருந்து ஓடுகிறேன். சென்னையில் ஜனவரி மாதம் நடக்கும் மராத்தானில் பாதித் தூரம் ஓடுவது என்று முடிவாயிற்று.

மராத்தான் என்பது 42.195 கி.மீ. இந்தச் சில்லறை மீட்டர் கணக்கு 1908-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய பாதையிலிருந்து வந்தது; 1921-ல் அதுவே நிலையான தூரமாக்கப்பட்டது. அதில் பாதி 21.0975 கி.மீ. பெண்கள் இத்தனை தூரம் ஓடத் தகுதியற்றவர்கள் என்று நெடுங்காலம் ஒரு கருத்து இருந்தது. 1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டர் வைத்தார்கள், பிறகு எடுத்துவிட்டார்கள். 1960 வரை 200 மீட்டருக்கு மேற்பட்ட ஓட்டம் பெண்களுக்கு ஒலிம்பிக்கில் இல்லை. பெண்கள் மராத்தான் 1984-ல்தான் வந்தது. எங்கள் தெருவுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை என்றே சொல்ல வேண்டும். ஆகையால் நான் ஓடும்போது பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் தம்பி சைக்கிளில் கூட வருவான். தண்ணீர் பாட்டில், ஒரு துண்டு, என் செருப்பு ஆகியவை கேரியரில் இருக்கும். தம்பி வராத நாளில் ஓட்டம் இல்லை. இந்தச் சிறிய செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னால் வரும் கணக்குக்கு இது தேவைப்படும்.

எரிபொருள் போதுமா?

தூரத்தை நீட்ட நினைக்கும் எவருக்கும் முதலில் வரும் அச்சம், வழியில் சக்தி தீர்ந்து விழுந்துவிடுவோமோ என்பது. எனக்கும் அதுவே இருந்தது. எனவே முதலில் இதைக் கணக்கிட்டுப் பார்த்தேன்.

சமதரையில் ஓடும் ஒருவர் தம் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு கிலோ கலோரி செலவிடுகிறார். வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் இதில் பெரிய மாறுதல் இல்லை. என் எடை 50 கிலோ. ஆக, 21.1 கி.மீ. ஓட எனக்கு வேண்டியது ஏறக்குறைய 1,055 கிலோ கலோரி. முழு மராத்தானாயின் 2,110.

இந்தச் செலவுக்கு உடல் இரண்டு சரக்குகளை வைத்திருக்கிறது. ஒன்று கொழுப்பு, மற்றொன்று கிளைக்கோஜன். கிளைக்கோஜன் என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகள் கிளை கிளையாகப் பிணைந்த பெருமூலக்கூறு என்பது வேதியியல் மாணவர்க்குத் தெரிந்ததே. கரும்பு தன் தண்டில் சுக்ரோசைச் சேர்த்து வைப்பதுபோல நாம் தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜனைச் சேர்த்து வைக்கிறோம். வெட்டிய கரும்பை நாள்கணக்கில் கிடக்கவிட்டால் சுக்ரோஸ் சிதைந்து போகும் என்பதால்தான் அப்பாவுக்கு வெட்டு நாளில் சாப்பிடக்கூட நேரமிருக்காது. நம் சரக்கும் அப்படியே. இன்று சேர்த்ததை அடுத்த மாதத்துக்கென்று பூட்டி வைக்க முடியாது. கிராமுக்கு மூன்று கிராம் அளவு நீரையும் சேர்த்துக்கொண்டு அது தசையில் தங்குவதால் இடமும் அடைக்கும்.

நன்றாக உண்ட வயதுவந்த ஒருவரிடம் 400 முதல் 500 கிராம் வரை கிளைக்கோஜன் இருக்கும். நான் சிறிய உடம்புக்காரி என்பதால் 350 கிராம் என்றே வைத்துக்கொண்டேன். கிராமுக்கு 4 கிலோ கலோரி வீதம் 1,400. அரை மராத்தானுக்கு 1,055 போதும். அதிலும் ஒரு பகுதியைக் கொழுப்பு கொடுத்துவிடும். முழு மராத்தான் ஓடுவோர் முப்பது கிலோமீட்டரைத் தாண்டியதும் கால் மரத்துத் தள்ளாடுவது ஏன் என்பதும் இந்தக் கணக்கிலேயே விளங்குகிறது. அவர்களுக்குச் சரக்கு அங்கே தீர்கிறது.

இதனை மனிதர் கண்டுபிடித்த வரலாறு சுவையானது. 1924-ல் பாஸ்டன் மராத்தானை ஓடி முடித்தவர்களின் இரத்தத்தைச் சோதித்த மருத்துவர்கள், மிகவும் தளர்ந்து வந்தவர்களிடம் சர்க்கரை மிகக் குறைந்திருப்பதைக் கண்டார்கள். மறு ஆண்டு அதே ஓட்டத்தில் வழியில் மிட்டாய் தின்னச் சொன்னார்கள். ஓடியவர்கள் தெளிவாக வந்து சேர்ந்தார்கள். 1966-ல் சுவீடன் நாட்டின் பெர்க்ஸ்ட்ரோம், ஹல்ட்மன் என்னும் இரு அறிஞர்கள் தம்மீதே சோதனை செய்துகொண்டார்கள். ஒரே மிதிகருவியின் இருபுறமும் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் களைக்கும்வரை மிதித்தார்கள். பிறகு ஊசியால் இரு தொடைகளிலிருந்தும் தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். உழைத்த காலில் கிளைக்கோஜன் ஏறக்குறையக் காலி. மூன்று நாள் மாவுச்சத்து உணவு உண்ட பிறகு அதே காலில் மற்றக் காலைப்போல இருமடங்கு சேர்ந்திருந்தது. வெறுமையாக்கப்பட்ட களஞ்சியம் பெரிதாக நிரம்புகிறது. நீண்ட ஓட்டம் ஒன்றை வாரம் ஒருமுறை வைப்பதற்கு இஃது ஒரு காரணம். மற்றொரு காரணத்தை 1967-ல் ஹாலோசி என்பவர் எலிகளை ஓடவிட்டுக் காட்டினார்: பயிற்சியினால் தசை மைட்டோகாண்டிரியாவின் சுவாச நொதிகள் ஏறத்தாழ இருமடங்காயின. கொழுப்பை எரிக்கும் உலை பெரிதாகிறது என்று பொருள்.

கொழுப்பு என்றதும் எங்கள் சாலையின் கோடியில் உள்ள ஏரி நினைவுக்கு வருகிறது. வேடந்தாங்கலுக்கு வரும் ஊசிவால் வாத்து போன்ற பறவைகள் வடக்கே வெகு தொலைவிலிருந்து பறந்து வருகின்றன. கிராமுக்கு 9 கிலோ கலோரி தரும் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு கிளம்புவதால்தான் அது அவற்றுக்கு முடிகிறது. கிளைக்கோஜனை நம்பிக் கிளம்பினால் நீரின் எடையையும் சுமந்து பறக்க வேண்டியிருக்கும்.

நிற்க. இக்கணக்கின் முடிவு என்னவென்றால், 21 கி.மீ. ஓட எனக்கு எரிபொருள் ஒரு தடையே இல்லை. இதைக் கண்டதும் எனக்கு வந்த துணிச்சலே என்னைக் கெடுத்தது.

என் குறிப்பேட்டில் ஒரு வாரம்

நவம்பர் மாதத்தின் முதல் பகுதி. அதற்கு முந்தைய வாரத்தில் நான் ஓடியது: செவ்வாய் 6, வியாழன் 7, சனி 5, ஞாயிறு 12. மொத்தம் 30 கி.மீ. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பன்னிரண்டுதான் என் வாழ்நாளில் அதுவரை ஓடிய மிக நீண்ட ஓட்டம்.

குறித்த வாரத்தில் செவ்வாய் 6 ஓடினேன். வியாழக்கிழமை தம்பிக்குத் தேர்வு, ஓட்டம் இல்லை. சனிக்கிழமை 7. அடுத்த ஞாயிறும் அவன் தனிவகுப்புக்குப் போக வேண்டும் என்றான். இரண்டு வாரம் தூரம் கூடாமல் நின்றுவிடுமே என்று எனக்குப் பதைப்பு. இந்த ஞாயிற்றுக்கிழமையே சேர்த்து ஓடிவிடுவது என்று தீர்மானித்தேன். எல்லோரும் சொல்லும் விதி ஒன்றை நானும் கேட்டிருந்தேன்: வார மொத்தத்தைப் பத்து விழுக்காட்டுக்குமேல் கூட்டாதே. முப்பதுக்குப் பத்து விழுக்காடு மூன்று. ஆகவே 33 வரை போகலாம். ஆறும் ஏழும் பதின்மூன்று ஆயிற்று. மீதி இருபது இருக்கிறது. பத்தொன்பதோடு நிறுத்திக்கொண்டால் விதிக்கு உட்பட்டதே அல்லவா?

விடியற்காலை ஐந்து மணிக்குக் கூட்டுச்சாலையில் தொடங்கினோம். வழக்கமாகத் திரும்பும் ஆறாவது கிலோமீட்டர் மதகு அருகே தம்பி சைக்கிளைத் திருப்பினான், நான் திரும்பவில்லை. மழை பெய்து ஓய்ந்த காலை. வயலெல்லாம் நீர். கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று எதிரே வந்தது. மூச்சு சீராக இருந்தது. பேசிக்கொண்டே ஓட முடிந்தது. ஒன்பதரையில் திரும்பினேன். பதினாறுக்குமேல் இடது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, எலும்பின் உட்பக்கம், ஒரு சின்ன உறுத்தல். நரம்பு இழுக்கிறது என்று நினைத்தேன். பத்தொன்பதையும் முடித்துவிட்டு, அன்று மாலை தம்பியிடம் பெருமை வேறு பேசினேன்.

செவ்வாய்க்கிழமை மறுபடி ஓடினேன். வியாழக்கிழமை கல்லூரி மாடிப்படி ஏறும்போது கால் ஊன்ற முடியவில்லை. விரல் நுனி அளவு இடத்தைத் தொட்டால் உயிர் போயிற்று. மருத்துவர் எக்ஸ்ரே எடுத்தார். படத்தில் ஒன்றும் தெரியவில்லை. தொடக்கத்தில் தெரியாது என்றும், எலும்பில் அயர்ச்சிக் காயம் ஏற்பட்டிருக்கிறது என்றும், இதற்குமேல் ஓடியிருந்தால் விரிசலே விட்டிருக்கும் என்றும் சொன்னார். ஆறு வாரம் ஓடக்கூடாது.

அப்பா கத்தவில்லை. "படிக்க அனுப்பினா காலை ஒடிச்சிக்கினு வந்து நிக்கிறியேம்மா" என்றார், அவ்வளவுதான். ஓட்டத்துக்குக் கட்டிய நுழைவுக் கட்டணமும் காலணி வாங்கிய பணமும் அம்மாவின் பத்து நாள் களையெடுப்புக் கூலிக்குமேல் வரும். இரண்டுமே அந்த ஜனவரிக்கு வீணாயின. அதைவிட எனக்கு உறைத்தது வேறு. பெண் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று முன்பே சொன்னவர்கள், இப்போது விசாரிக்க வருகிற சாக்கில் திண்ணையில் வந்து உட்கார்ந்து அதையே சொன்னார்கள். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

எங்கே தவறிற்று?

வார மொத்தம் 30-லிருந்து 32 ஆயிற்று. ஏழு விழுக்காடுகூட இல்லை. விதியை நான் மீறவில்லை. பின் ஏன்?

அடிகளை எண்ணிப் பார்த்தேன். நான் நிமிடத்துக்கு ஏறக்குறைய 165 அடி வைக்கிறேன்; கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம். ஆக, கிலோமீட்டருக்கு 1,155 அடி. பன்னிரண்டு கிலோமீட்டரில் 13,860. பத்தொன்பதில் 21,945. அந்த ஒரே காலையில் கூடுதலாக வைத்தது 8,085 அடி. ஒரு காலுக்கு நாலாயிரத்துக்குமேல். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் தரை நம்மைத் திருப்பித் தாக்கும் விசை உடல் எடையைப்போல இரண்டு மடங்குக்குமேல். நூறு கிலோ மூட்டையை நாலாயிரம் தடவை, அதுவும் தசைகள் களைத்து அதிர்ச்சி தாங்கும் திறன் குறைந்துபோன கடைசி ஒரு மணி நேரத்தில், ஒரே எலும்பின்மீது இறக்கியிருக்கிறேன். வார மொத்தம் என்பது ஏழு நாளில் பரவிக் கிடக்கும் எண். எலும்பு அதைப் பார்ப்பதில்லை. அது பார்ப்பது அன்றைய ஓட்டத்தை.

நுரையீரலும் இதயமும் ஏன் எச்சரிக்கவில்லை என்ற கேள்விக்கு விடை, உடலின் உறுப்புகள் ஒரே வேகத்தில் பழகுவதில்லை என்பதே. பயிற்சி தொடங்கிய சில நாள்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது. மைட்டோகாண்டிரியா சில வாரங்களில் பெருகுகிறது. எலும்போ வேறு விதமாக நடந்துகொள்கிறது. பளு கூடியதும் முதலில் பழைய எலும்பை அரித்து எடுக்கும் செல்கள் வேலை செய்கின்றன. அதற்கு மூன்று வாரம்போல ஆகும். அதன் பிறகே புது எலும்பு கட்டும் செல்கள் வந்து குழியை நிரப்புகின்றன, அதற்கு மாதக்கணக்காகும். வீட்டுச் சுவரைப் பெயர்த்துக் கட்டும்போது இடையில் சில நாள் சுவர் இல்லாமல் இருக்கும் அல்லவா? அந்த இடைநாளில் கூரைமேல் நெல்மூட்டை அடுக்குவது போன்றதே நான் செய்தது. மூச்சு நன்றாக இருக்கிறது என்பது தூரத்தைக் கூட்டுவதற்கு உரிமச் சீட்டு ஆகாது.

பத்து விழுக்காடு விதியைப் பற்றி

ஓட்டக்காரர்களிடையே உலகெங்கும் வழங்கும் இவ்விதியைச் சோதித்தவர்கள் உண்டு. நெதர்லாந்தின் குரோனிங்கனில் புதிதாக ஓடத் தொடங்கிய 532 பேரை நான்கு மைல் ஓட்டத்துக்கு ஆயத்தம் செய்தார்கள். ஒரு பிரிவினர்க்குப் பத்து விழுக்காடு வீதம் மெல்லக் கூட்டும் 13 வாரப் பயிற்சி. மறு பிரிவினர்க்கு வழக்கமான 8 வாரப் பயிற்சி. 2008-ல் வெளியான முடிவின்படி இரு பிரிவிலும் ஐந்தில் ஒருவர் காயப்பட்டார், வேறுபாடே இல்லை.

எனக்கு அதைவிட உதவியது 2025-ல் பிரிட்டனின் விளையாட்டு மருத்துவ இதழில் வந்த ஆய்வு. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தார் முன்னின்று நடத்தியது. 5,200 ஓட்டக்காரர்களின் கைக்கடிகாரப் பதிவுகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு ஓட்டத்தையும் அதற்கு முந்தைய 30 நாள்களில் அவர் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தோடு ஒப்பிட்டார்கள். ஒரு தனி ஓட்டம் அந்த அளவைப் பத்து விழுக்காட்டுக்குமேல் தாண்டினால் காயம் ஏறுகிறது. இருமடங்குக்குமேல் போனால் காய வாய்ப்பும் இருமடங்கைத் தாண்டுகிறது. வார மொத்தத்தை ஒப்பிட்டபோது இத்தகைய ஏற்றம் தென்படவில்லை. அதாவது விதியில் பத்து என்ற எண் பிழையில்லை. எதன்மேல் பத்து என்பதிலேதான் பிழை. என்னுடைய 12-க்கு 19 என்பது 58 விழுக்காடு.

இந்த ஆய்வையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதில் பங்குகொண்டவர்களில் பெரும்பாலோர் நடுத்தர வயது ஆண்கள். காயத்தைத் தாமே தெரிவித்தவர்கள். இருபது வயதில், அரைவயிறு உண்டு ஓடும் பெண்ணுக்கு அதே எண் பொருந்துமா என்று என் ஐயத்தைச் சொன்னபோது, விலங்கியல் பேராசிரியை ஒருவர் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்குமேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். ஓடுகிற பெண் செலவுக்கு ஏற்ப உண்ணாவிட்டால் முதலில் மாதவிலக்கு தவறும். அடுத்து எலும்பு வலுவிழக்கும். இதை வெட்கப்பட்டு மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லவேண்டும் என்றார். தோழியர் கவனிக்க. எங்கள் வீட்டில் இப்போது கேழ்வரகுக் களியும் முருங்கைக்கீரையும் வேர்க்கடலையும் எனக்கென்று ஒரு பங்கு கூடுதலாக ஒதுக்கப்படுகின்றன. அம்மா தன் பங்கைக் குறைத்துக்கொள்கிறாளோ என்ற கவலை எனக்கு உண்டு.

மெதுவாக ஓடுதல்

நீண்ட ஓட்டத்தைப் பயிற்சியின் முதுகெலும்பாக்கியவர் நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்டு. படித்துப் பட்டம் பெற்ற பயிற்சியாளர் அல்லர். செருப்புத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். எவ்வளவு தூரம் நல்லது, எவ்வளவு தூரம் கேடு என்பதைப் பல ஆண்டுகள் தம் கால்களையே சோதனைச்சாலையாக வைத்துக் கண்டறிந்தார். ஞாயிறுதோறும் தம் மாணவர்களை ஆக்லாந்தின் மலைப்பாதையில் 22 மைல் ஓடவைப்பார். அதில் வியப்பு என்னவென்றால், 800 மீட்டர் ஓடுகிற பீட்டர் ஸ்னெல்லும் அந்த 22 மைலை ஓடினார் என்பது. ஸ்னெல் 1960-ல் ரோமில் 800 மீட்டரிலும், 1964-ல் டோக்கியோவில் 800, 1500 இரண்டிலும் தங்கம் பெற்றார்.

நம் நாட்டிலும் நெடுந்தொலைவுக்குப் பெயர் பெற்றவர்கள் உண்டு. 1920-ல் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக் மராத்தானில் பதேப்பா சௌகுலே 19-ஆவதாக வந்தார். சிவநாத் சிங் 1976-ல் மாண்ட்ரியலில் 11-ஆவதாக வந்தார். 1978-ல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடி அவர் நிறுவிய தேசியச் சாதனை நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குமேல் நிலைத்தது. எனக்கு மிக நெருக்கமானவர் புதுக்கோட்டைச் சீமையின் சூர்யா. 2016 தெற்காசிய விளையாட்டில் தங்கம் வென்று, 2017 டில்லி அரை மராத்தானில் இந்தியப் பெண்களில் முதலாவதாக, 1 மணி 10 நிமிடத்தைச் சற்றே தாண்டி வந்தவர். என்னுடைய பத்தொன்பது கிலோமீட்டர் அன்று 2 மணி 13 நிமிடம் பிடித்தது! இருவரும் ஓடுவது ஒரே விளையாட்டுத்தானா என்று தம்பி கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தில் வேகம் வேண்டாம் என்பதில் எல்லாப் பயிற்சியாளரும் ஒத்துப்போகிறார்கள். முழு வாக்கியமாகப் பேச முடியவேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் மிகுதி. தூரம் கூடுகிற வாரத்தில் வேகத்தையும் கூட்டக்கூடாது.

வியர்வைக் கணக்கையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் மணிக்கு 430 கிலோ கலோரி செலவிட்டால் அதில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 340-க்குமேல், வெறும் வெப்பம். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகிறது. எனவே மணிக்கு அறுநூறு மில்லி வியர்வை ஆவியாக வேண்டும். நம் பகுதி கடலுக்கு அருகில் உள்ளது. காற்றில் ஈரம் மிகுதி. ஆவியாகாமல் சொட்டி மண்ணில் விழும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. அதனால் சுரப்பு இன்னும் கூடும். அதற்காக வெறும் நீரை வயிறு முட்டக் குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மராத்தானில் சோதிக்கப்பட்ட 488 பேரில் 13 விழுக்காட்டினர்க்கு இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. தாகத்துக்குக் குடிப்பதே போதும். தம்பியின் கேரியரில் இப்போது உப்புப் போட்ட நீர்மோர் வருகிறது.

இப்போதைய திட்டம்

டிசம்பர்க் கடைசியில் நடக்கத் தொடங்கி, ஜனவரியில் ஒரு நிமிடம் ஓட்டம் ஒரு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றிப் போய், பிப்ரவரி முடிவில் மெல்ல மெல்லப் பத்துக் கிலோமீட்டரை எட்டினேன். சென்னை ஓட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஓடியது எங்கள் தெருமுனையிலிருந்து ரயில் நிலையம் வரை.

பத்திலிருந்து மேலே போவதற்கு இயக்குநரும் நானும் உட்கார்ந்து போட்ட ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு இது: 10, 11, 12, பிறகு 8, 13, 14, 15, பிறகு 10, 16, 17.5, 19, பிறகு 12, அதன்பின் 20. எந்த ஓட்டமும் அதற்கு முந்தைய முப்பது நாளில் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தைப் பத்தில் ஒரு பங்குக்குமேல் தாண்டவில்லை என்பதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். நான்கில் ஒரு வாரம் குறைத்திருப்பது எலும்பு கட்டுவோர்க்கு விடும் அவகாசம். இருபது ஓடியவருக்கு 21.1 பத்து விழுக்காட்டுக்குள் அடங்கும். இடையில் ஒரு ஞாயிறு தவறினால் அதை அடுத்த ஞாயிற்றுக்கிழமையோடு சேர்க்கக்கூடாது. தவறிய தூரத்தையே ஓடிவிட்டு மேலே போகவேண்டும். தம்பிக்குத் தேர்வு வந்தால் வாரம் ஒன்று தள்ளும், அவ்வளவுதான். ஒரே இடத்தில் விரல் வைத்தால் வலிக்கும் வலி வந்தால் அன்றே நிறுத்திவிட வேண்டும். கால் முழுதும் பரவிக் கிடக்கும் கடுப்பு இரண்டு நாளில் போய்விடும். இந்த வேறுபாட்டை எனக்கு முன்பே யாராவது சொல்லியிருந்தால் பதினாறாவது கிலோமீட்டரில் சைக்கிள் பின்னால் ஏறி உட்கார்ந்திருப்பேன்.

இதை எழுதும் வாரம் நான்காவது வாரம், எட்டுக் கிலோமீட்டர். சென்ற ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு ஓடியவள் இன்று நாலாவது கிலோமீட்டரில் திரும்பியதும், இன்னும் மதகுகூட வரவில்லையே என்று தம்பி சைக்கிளை நிறுத்திவிட்டான்.

"அவ்ளோதானாக்கா?"

"அவ்ளோதான். திருப்பு."